தீபாவளி முடிந்து ஆறாம் நாள்: ஒரு பனியன் கம்பெனியின் விடுமுறைப் பட்டியல்

பின்னணி

இது திருப்பூரில் ஏற்றுமதி வேலை எடுத்துச் செய்யும் நடுத்தர பனியன் கம்பெனி ஒன்றில், 2023 தீபாவளியில் ஆரம்பித்து 2025 தீபாவளி முடியும் வரை நடந்தது. அங்கே பணியாளர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கம்பெனிப் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே தேவைப்படாது.

ஆட்கள் இருநூறு பேருக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருப்பார்கள். கட்டிங்கிலும் பேட்லாக் தையலிலும் தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கத்து ஆட்கள் அதிகம், பல வருடம் முன்பே வந்து இங்கேயே வீடு பிடித்துத் தங்கிவிட்டவர்கள். செக்கிங்கில் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள். ஓவர்லாக் தையல், அயர்னிங், பேக்கிங் என்று மீதி இடங்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட்காரர்கள். கொஞ்சம் மேற்கு வங்க முஸ்லிம்கள். ஜார்க்கண்ட் பெண்களில் சிலர் கிறிஸ்தவர்கள். வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் கம்பெனி விடுதியில் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் தொழில் நிறுவன விடுமுறைகளுக்கென்று 1958-ல் வந்த சட்டம் இருக்கிறது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நான்கும் கட்டாயம், அதற்கு மேல் ஐந்து பண்டிகை நாட்கள். எங்கள் ஐந்து: பொங்கலுக்கு மூன்று நாள், ஆயுத பூஜை, தீபாவளி. இந்தப் பட்டியல் பல வருடமாக மாறவில்லை. பட்டியல் முதலில் போட்ட காலத்தில் கம்பெனியில் இந்தி பேசுகிறவர் ஒருவர்கூடக் கிடையாது, அதனால் அப்போது அது சரியான பட்டியல்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில், வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து பார்த்துவிட்டுப் போனது நினைவிருக்கும். அது ஹோலி நேரம். எங்கள் ஆட்களிலும் நிறையப் பேர் அந்த வாரம் கிளம்பினார்கள். பயந்து போகிறவர் யார், வழக்கமாக ஹோலிக்குப் போகிறவர் யார் என்று ஆபீஸில் ஒருவருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காரணம் எளிது, அதற்கு முந்தைய வருடங்களில் ஹோலிக்கு எத்தனை பேர் போனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லாரும் ‘ஆப்சென்ட்’, அவ்வளவுதான்.

2023 நவம்பர்

தீபாவளி 12-ம் தேதி ஞாயிறு. அரசு திங்களையும் விடுமுறை ஆக்கியது. கம்பெனி 16-ம் தேதி திறக்கும் என்று நோட்டீஸ் ஒட்டினோம். போனஸ் பட்டுவாடா முடிந்த ராத்திரியே விடுதியில் பாதி காலி.

16-ம் தேதி ஓவர்லாக் லைனில் மூன்றில் ஒரு பங்கு மெஷின் ஓடவில்லை. 17, 18 இன்னும் மோசம். போன் போட்டால் எடுப்பதில்லை, எடுத்தால் பாட்டி இறந்துவிட்டார் என்று பதில். அந்த வாரம் பீகாரில் இத்தனை பாட்டிகள் எப்படி ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்று தயாரிப்பு மேலாளர் கேட்டபோது எல்லாரும் சிரித்தோம். ஆனால் ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய குழந்தைகள் உடுப்பு ஆர்டர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. கடைசியில் கப்பலில் போக வேண்டிய சரக்கில் ஒரு பகுதியை விமானத்தில் அனுப்பினார்கள். பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும், அந்த ஆர்டரில் லாபம் என்று ஒன்று மிஞ்சாது.

திரும்பி வந்தவர்களுக்கு அட்டெண்டன்ஸ் போனஸ் வெட்டப்பட்டது. சொல்லாமல் போனதாகச் சிலரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நிறுத்தப்பட்டவர்கள் அடுத்த நாளே பக்கத்து ரோட்டில் இன்னொரு கம்பெனியில் உட்கார்ந்தார்கள், திருப்பூரில் ஓவர்லாக் டெய்லருக்கு வேலை கிடைக்காமல் இருந்த காலமா அது! புது ஆட்களைப் பிடித்து வேகம் வர வைக்கப் பொங்கல் ஆகிவிட்டது. தண்டனை யாருக்கு விழுந்தது என்று பார்த்தால் கம்பெனிக்குத்தான்.

விசாரித்ததில் தெரிந்தது

2024 தொடக்கத்தில் விடுதிக்குப் போய் உட்கார்ந்து பேசினோம். அதுவரை ஆபீஸில் எல்லாரும் ‘தீபாவளி லீவை நீட்டிக்கிறார்கள்’ என்றுதான் நினைத்திருந்தார்கள். பீகார்க்காரர்களுக்குத் தீபாவளி பெரிய விஷயமே இல்லை, அது வழியில் வருவது. அதற்கு ஆறாம் நாள் வருகிற சத் பூஜைதான் ஊர்ப் பண்டிகை. விடுதி அறைச் சுவரில் தாகுர் பிரசாத் பஞ்சாங்கக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது, ஒருவர் எழுந்து நவம்பர் மாதத்தைப் புரட்டி விரலை வைத்துக் காட்டினார்.

நான்கு நாள் நோன்பு அது. முதல் நாள் குளித்துவிட்டு ஒருவேளை சுரைக்காயும் கடலைப் பருப்பும் சோறும். இரண்டாம் நாள் மாலை வெல்லப் பாயசமும் ரொட்டியும் சாப்பிட்டால், அதன்பிறகு சுமார் 36 மணி நேரம் பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. மூன்றாம் நாள் மாலை நீரில் நின்று, மறைகிற சூரியனுக்கு அர்க்யம் என்கிற படையல். நான்காம் நாள் விடியலில் உதிக்கிற சூரியனுக்கு. அதற்குப் பிறகுதான் வாயில் ஏதாவது படும். பூசாரி வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர், பெரும்பாலும் அம்மாவோ மாமியாரோ, இந்த நோன்பை எடுத்தால் வருடா வருடம் விடாமல் செய்ய வேண்டும், உடம்பு முடியாமல் போகும்போது மருமகளிடம் ஒப்படைக்க வேண்டும். குடும்பம் முழுக்க அன்று கூடவே நிற்க வேண்டும். பேக்கிங்கில் இருக்கும் ஒரு பையன் சொன்னது: “சார், அம்மா தண்ணிக்குள்ள நிப்பாங்க, நான் இங்க பெட்டிக்கு டேப் ஒட்டிட்டு நிக்கணுமா?”

சரி, முன்பே ஏன் சொல்லவில்லை என்றால், அதற்கும் பதில் தயாராக இருந்தது. ஒரு வருடம் ஒருவர் உண்மையைச் சொல்லி லீவு கேட்டிருக்கிறார். ‘லிஸ்ட்டில் இல்லாத பண்டிகைக்கு லீவு இல்லை’ என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார். பாட்டி செத்துவிட்டார் என்று சொன்னவருக்குக் கிடைத்திருக்கிறது. இதைப் பார்த்த மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

அப்புறம், வருகைப் பதிவேட்டை எடுத்து அந்த வாரத்தைப் பிரித்துப் பார்த்தபோது யாரும் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. செக்கிங்கில் இருக்கும் தமிழ்ப் பெண்களிலும் பலர் அதே வாரம் அரை நாள், அரை நாளாகப் போயிருந்தார்கள். கந்த சஷ்டி. ஐப்பசி வளர்பிறையில் அதே ஆறாம் திதி. 2023-ல் சூரசம்ஹாரம் 18-ம் தேதி, சத் பூஜையின் மாலை அர்க்யம் 19-ம் தேதி. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கூட்டம் ஒரே திதியில் பட்டினி கிடந்திருக்கிறது, ஒன்று மற்றதைப் பார்க்கவில்லை. ஆபீஸ் இரண்டையுமே பார்க்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் வந்த யோசனை போனஸில் பாதியைப் பிடித்து வைத்துக்கொண்டு திரும்பி வந்ததும் கொடுப்பது. தயாரிப்பு மேலாளர் அதில் உறுதியாக இருந்தார், வேறு இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். போனஸ் என்பது 1965-ம் வருடச் சட்டப்படி ஏற்கெனவே சம்பாதித்த பணம், குறைந்தது 8.33 சதவீதம் அவர்களுடையது, அதைப் பணயமாக வைக்க முடியாது என்று முதலாளியிடம் சொன்னோம். முதலாளிக்குச் சட்டத்தைவிட இன்னொன்று உறைத்தது: பிடித்து வைத்தால் அடுத்த வருடம் சேருவதற்கே யோசிப்பார்கள்.

அடுத்து, ஆயுத பூஜையை எடுத்துவிட்டு அந்த நாளை வடக்கத்தியவர்களுக்கு நவம்பரில் கொடுத்தால் என்ன என்று ஒரு பேச்சு. அவர்களில் பலர் மெஷினுக்குப் பூஜை போடுவது செப்டம்பர் 17, விஸ்வகர்மா பூஜையன்று. அதனால் ஆயுத பூஜை அவர்களுக்குத் தேவையில்லை என்று ஒருவர் கணக்குப் போட்டார். ஆனால் நமக்கு ஆயுத பூஜை வருகிற அதே நவராத்திரி முடிவில்தான் அவர்களுக்குத் துர்கா பூஜையும் தசராவும். அதைப் பிடுங்கினால் சண்டைதான். ஐந்து நாள் பட்டியலில் கை வைப்பதாக இருந்தால் தொழிலாளர்களோடு பேசி, தொழிலாளர் துறை ஆய்வாளர் வரை போக வேண்டும், அந்த வருடம் அதற்கு நேரமும் இல்லை. பட்டியல் அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம்.

செய்தது இதுதான். 2024 ஜூன் கடைசியில், இந்தி, ஒடியா, தமிழ் மூன்றிலும் ஒரு படிவம் கொடுத்தோம். தீபாவளியை ஒட்டி ஊருக்குப் போகிறாயா, எந்தத் தேதி கிளம்புகிறாய், எந்தத் தேதி திரும்புகிறாய். காரணம் எழுத இடமே வைக்கவில்லை. எழுதிக் கொடுத்த தேதிக்குள் வந்தால் அட்டெண்டன்ஸ் போனஸ் வெட்டு கிடையாது, அந்த நாட்களுக்குச் சம்பளமும் கிடையாது. ஜூன் ஏன் என்றால், அப்போது ரயில் முன்பதிவு 120 நாளுக்கு முன்பே திறந்துவிடும், ஜூலையில் டிக்கெட் போட்டவனிடம் அக்டோபரில் போகாதே என்று சொல்லிப் பயனில்லை. டிக்கெட் போடுவதற்கு முன் தேதி தெரிந்தால்தான் லைனை மாற்றிப் போட முடியும்.

சூப்பர்வைசர்கள் நம்பவில்லை. எல்லாரும் போகிறேன் என்றுதான் எழுதுவார்கள் என்றார்கள். அப்படி நடக்கவில்லை. குடும்பத்தோடு இங்கே இருக்கிறவர்களில் பலர், இங்கேயே நோன்பு செய்ய இடம் கிடைத்தால் போக மாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். போய்வரும் செலவும் நாலைந்து நாள் ரயிலும் அவர்களுக்கும் கசக்கிறது.

விடுதிக் குளம்

சத் பூஜைக்கு நீர்நிலை வேண்டும். நொய்யல் ஆற்றில் இறங்கச் சொல்ல முடியாது; சாயக்கழிவு பற்றி 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு நிலைமை மாறியது என்றாலும், ஊருக்குள் ஓடுவது இன்னும் சாக்கடைதான். நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயம், 2024 ஆகஸ்டில் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது, அங்கே கூட்டமாகப் போய்ப் பூவும் பழமும் போடுவது நியாயமில்லை. கடைசியில் விடுதிக்குப் பின்னால் காலி இடத்தில் குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, ஒரு லாரித் தண்ணீர் விட்டோம். பீகாரிலேயே நகரங்களில் மொட்டை மாடியில் இப்படிச் செய்கிறார்கள், இதனால் ஒன்றும் குறைந்துவிடாது என்று நோன்பு எடுக்கும் அம்மாவே சொல்லிவிட்டார்.

பொருட்கள் சேர்த்ததுதான் சுவாரசியமான வேலை. மூங்கில் முறமும் கூடையும் சந்தையில் கிடைத்தன. கரும்புக்கு ஜூஸ் வண்டிக்காரரிடம் போனால் அவரிடம் தோகை வெட்டிய கரும்புதான் இருந்தது, இவர்களுக்குத் தோகையோடு வேண்டும். கோபி பக்கத்திலிருந்து ஒரு கட்டு வந்தது. வேரோடு மஞ்சள் செடி வேண்டும் என்றபோது, கொடுமுடிப் பக்கத்து ஊரிலிருந்து வரும் செக்கிங் அக்கா ஒருவர், “அட, எங்க காட்டுலயே நிக்குதுங்க, நாலு கொத்து புடுங்கிட்டு வர்றேன்” என்று பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார், மண்ணைக்கூட உதறவில்லை. பொங்கலுக்குப் பானையில் கட்டுகிற அதே மஞ்சள் கொத்து.

சமையலில்தான் உரசல். விடுதி மெஸ்ஸில் வெங்காயம், பூண்டு, வாரம் ஒரு நாள் முட்டை எல்லாம் உண்டு. நோன்புச் சமையல் அந்த அடுப்பில் நடக்கக் கூடாது, அந்தப் பாத்திரத்திலும் கூடாது. மெஸ் சமையல்காரர் இதை அவமானமாக எடுத்துக்கொண்டார், என் அடுப்பு என்ன தீட்டா என்று. வெளியே தனியாக மண் அடுப்பு போட்டு, புதுப் பாத்திரம் வாங்கிக் கொடுத்தோம். அவர் கோபம் அடங்கவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அவரிடம் யாரும் முன்னால் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2024 நவம்பர் 7, 8

தீபாவளி அக்டோபர் 31. மாலை அர்க்யம் நவம்பர் 7 வியாழன். சூரசம்ஹாரமும் அதே 7-ம் தேதி மாலை. ஆக செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் ஒரே நேரத்தில் ஆட்கள் கிளம்புவார்கள் என்பது படிவங்களை வைத்து ஆகஸ்டிலேயே தெரிந்துவிட்டது. அந்த இரண்டு பிரிவையும் அன்று பிற்பகல் மூன்று மணிக்கு நிறுத்திவிட்டு, ஞாயிறு காலை ஈடு செய்வது என்று முன்பே அறிவித்தோம். யாரும் முணுமுணுக்கவில்லை.

ஆறு மணிக்கு முன்பே குளத்தைச் சுற்றிக் கூட்டம். நோன்பு இருந்தவர்கள் நாலு பெண்கள், மூக்கிலிருந்து உச்சி வகிடு வரை ஆரஞ்சுக் குங்குமம், முழங்காலுக்கு மேல் தண்ணீர், கையில் முறம், முறத்தில் தேக்குவா என்கிற இனிப்புப் பலகாரம், வாழைப்பழம், தேங்காய். வங்காள முஸ்லிம் பையன்கள்தான் விளக்கு வயர் இழுத்துக் கட்டினார்கள்.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு பாக்ஸ் ஸ்பீக்கரில் பாட்டு போட்டார்கள். தெருக்காரர்கள் வந்துவிட்டார்கள். சத்தத்தைக் குறைத்தோம், அத்தோடு முடிந்தது. மார்கழி முழுக்க எதிர்க் கோயில் ஒலிபெருக்கிக்கு இதே தெரு வாயைத் திறப்பதில்லை என்பதை நினைத்துக்கொண்டேன், ஆனால் அன்று அதைச் சொல்லிப் பயன் இருந்திருக்காது.

தண்ணீரை அன்றே இறைத்திருக்க வேண்டும். இறைக்கவில்லை, சனிக்கிழமை விடுதிக் குழந்தைகள் அதில் இறங்கி விளையாடியதைக் காவலாளி பார்த்து விரட்டினார். ஒன்றும் ஆகவில்லை என்பது அதிர்ஷ்டம்.

ஊருக்குப் போனவர்களில் பெரும்பாலோர் எழுதிக் கொடுத்த தேதியிலோ ஓரிரு நாள் தாமதமாகவோ வந்தார்கள். தாமதமானவர்கள் வண்டியில் இடம் கிடைக்காத விஷயத்தைப் போன் பண்ணிச் சொன்னார்கள். போன் பண்ணியதுதான் புதிது. சரக்கு கப்பலிலேயே போனது. லீவு எடுத்தவர்கள் எண்ணிக்கை முந்தைய வருடத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. தேதி முன்பே தெரிந்ததால் கட்டிங்கை முன்கூட்டி முடித்து, அந்த வாரத்துக்கு ஆள் குறைவாகத் தேவைப்படும் உடுப்பு ஸ்டைலை ஓட்டினோம், வித்தியாசம் அங்கேதான் வந்தது.

எதிர்பாராத புகார்

புகார் பேட்லாக்கிலிருந்து வந்தது, மதுரைப் பக்கத்து டெய்லர் ஒருவர். “அவங்களுக்கு மட்டும் பத்து நாள், போனஸும் வெட்டில்ல. எங்க ஊர்ல பங்குனிப் பொங்கலுக்கு ரெண்டு நாள் கேட்டப்ப லிஸ்ட்ல இல்லன்னீங்க, லீவு போட்டு நின்னேன், அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு.” ஆபீஸில் சிலர் இதை வடக்கத்தியவர் மேல் உள்ள பொறாமை என்று ஒதுக்கப் பார்த்தார்கள். பதிவேட்டைப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே இருந்தது. தெற்கத்தி ஆட்களுக்குப் பங்குனி, சித்திரையில் ஊர்க் கோயில் திருவிழா, குலதெய்வக் கும்பிடு. அவர்களும் பல வருடமாகப் பாட்டியைக் கொன்றுதான் போய்வந்திருக்கிறார்கள்.

2025 ஜனவரியில் படிவம் எல்லாருக்கும் ஆனது. வருடத்தில் ஒரு சொந்தப் பண்டிகை, யார் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஒடிசாக்காரர்களில் பலர் ஜூன் நடுவில் வரும் ரஜ பண்டிகையை எழுதினார்கள். ஜார்க்கண்ட் பெண்கள் கிறிஸ்துமஸ். வங்காளப் பையன்கள் ஈத், பிறை பார்த்துத்தான் தேதி என்பதால் முன்பின் ஒரு நாள் தள்ளலாம் என்று குறித்துக்கொண்டோம். கூடவே ஒரு மாற்றமும் வந்தது: உழவர் திருநாளன்று சம்மதித்து வேலைக்கு வருகிறவர்களுக்கு, சட்டத்தில் இருக்கிறபடி அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுமுறை. பொங்கலுக்கு விடுதியில் சும்மா படுத்திருந்தவர்களில் நிறையப் பேர் அதை எடுத்துக்கொண்டு, அந்த நாளை அக்டோபர் 27-க்கு, அதாவது அந்த வருட சத் மாலைக்குச் சேமித்து வைத்தார்கள்.

2025

ஜூனில் கணக்குப் பார்த்து வைத்ததெல்லாம் அக்டோபரில் கலைந்தது. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதில் எங்களுக்கும் ஆர்டர் குறைந்தது. அக்டோபர் 6-ம் தேதி பீகார் தேர்தல் அறிவிப்பு வந்தது, நவம்பர் 6-ம் 11-ம் வாக்குப்பதிவு. சத் முடிந்து கிளம்ப வேண்டியவர்கள் ஓட்டு போட்டுவிட்டுத்தான் வருவோம் என்றார்கள். வாக்காளர் பட்டியல் திருத்தத்தில் பெயர் போய்விடுமோ என்று அந்த வருடம் முழுக்க அவர்களுக்கு ஒரு கலக்கம் இருந்தது, அதனால் அதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. தாங்களே ஆபீஸுக்கு வந்து, ஏற்கெனவே எழுதிய தேதியை அடித்துப் புதுத் தேதி எழுதினார்கள்.

நிர்வாகம் உடனே சரி என்றது. அதில் பெருந்தன்மை பாதி, வேலை இல்லாத நேரத்தில் சம்பளம் இல்லாமல் ஆட்கள் ஊரில் இருந்தால் நல்லது என்கிற கணக்கு மீதி. அதனால் இந்த ஏற்பாடு 2025-ல் வேலை செய்தது என்று என்னால் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியாது. ஆர்டர் நிறைந்த ஒரு வருடத்தில், மூன்று வாரம் லீவு கேட்டு வந்தால் இதே பதில் கிடைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும்.

மாற்றப்போவது

காண்ட்ராக்ட் ஆட்களுக்கு இந்தப் படிவம் இன்னும் போகவில்லை. லேபிள் ஒட்டுவது, லோடு ஏற்றுவது எல்லாம் அவர்கள்தான், அவர்களுக்கு இன்றும் 2023 நிலைமைதான். காண்ட்ராக்டர்கள் இதைத் தங்கள் விஷயம் என்கிறார்கள். இதை விடக் கூடாது.

குளம் முழங்கால் ஆழம் போதும், அர்க்யம் முடிந்த அன்று மதியத்துக்குள் இறைத்துவிட வேண்டும், அதுவரை இரண்டு பேர் காவல். 2025-ல் அப்படித்தான் செய்தோம். மெஸ் சமையல்காரரை முதல் நாளே கூப்பிட்டுப் பேச வேண்டும்; 2025-ல் மண் அடுப்புக்கு இடம் காட்டியது அவரே. தெருவில் நாலு வீட்டுக்கு முன்பே சொல்லிவிட்டால் ஸ்பீக்கர் பிரச்சினை பாதி தீரும்.

படிவம் கொடுக்கும் காலமும் மாற வேண்டும். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளாகக் குறைந்துவிட்டது, ஜூனில் எழுதும் தேதிக்கு இனி டிக்கெட் உறுதி கிடையாது. 2026-ல் தீபாவளி நவம்பர் 8, மாலை அர்க்யம் நவம்பர் 15, இரண்டுமே ஞாயிறு. ஜனவரியில் பண்டிகையை மட்டும் வாங்கிக்கொண்டு, போகும் தேதி, வரும் தேதியை ஆகஸ்ட் கடைசியில் கேட்பதாக இருக்கிறோம்.